மணலில் விழாத தடம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலாமரத்தை மாதாவுக்கு நேர்ந்துவிட்டவர் மறைந்த என் மாமனார். திருவிழாவில் ஏலம் விட்டு முடியும்வரை அதன் பழத்தில் ஒரு சுளைகூட எங்கள் வீட்டில் யார் வாயிலும் படாது. சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் அந்த ஏலத்துக்குத்தான் கூட்டம் கூடும்.

மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் அந்த வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கோடையில் பழங்கள் ஒவ்வொன்றாகக் குடைபட்டுத் தொங்கின. கீழே கொட்டைத் தோல் சிதறிக் கிடந்தது. வீட்டில் தனியாக இருப்பவள், அதிலும் வாய்த்துடுக்குக்காரி. வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்?

"அணில் திங்குது" என்றேன்.

சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார் சிரித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன அணில்தான். "பலாப்பழத்தைக் குடையுற அணிலா? நல்ல கதை விடுற ஆத்தா!"

களவு போனால் தடம் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாயங்காலம் ஓடை மணலை அள்ளி வந்து மரத்தைச் சுற்றிப் பரப்பினார்கள். காலையில் இன்னொரு பழம் குடைபட்டிருந்தது. மணலில் என் காலடி மட்டும்தான் இருந்தது. என் வீட்டுக் கொல்லைக்கு நான் போகாமல் வேறு யார் போவார்கள்?

"பீடத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணு. இல்லாட்டி திருவிழாவுக்குக் கோயிலுக்குள்ள வராத" என்றார் உபதேசியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திங்காதவ எதுக்குச் சத்தியம் பண்ணணும்? தரையைப் பாத்தவுக எல்லாரும் விடியக்காலம் வந்து மேல பாருங்க!"

வந்தார்கள். உச்சிக் கிளையில் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு அது இறங்கியது, மலையணில். கருத்த முதுகு, செம்பழுப்புத் தோள், வெளுத்த வயிறு, குஞ்சம் வைத்த காது. பூனையளவு உடம்பு, அதைவிட நீளமாக வால். பின்னங்காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, முன்னங்கை இரண்டிலும் சுளையை ஏந்தித் தின்றது. வால் அந்தப் பக்கம் தொங்கிப் பாரத்தைச் சரிக்கட்டியது. தின்று முடித்து ஒரே தாவலில் ஓடைக்கரை மருதமரத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து மலைவரைக்கும் கிளையோடு கிளை கோத்துக் கிடக்கிறது. தரையில் கால் வைக்க விரும்பாத பிராணிக்கு மணலில் எப்படித் தடம் விழும்?

யாரும் என்னிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓடைப் பக்கக் கிளையை வெட்டிரு. இனி அது வராது" என்றார்.

"வெட்ட மாட்டேன்."

"மாதா சொத்தைத் திங்க விட்டா அதுவும் களவுதான். வெட்டாம கோயில் வாசல மிதிக்காத."

"ஊரே என்னைக் கள்ளின்னு சொன்னப்ப எனக்குச் சாட்சியா வந்தது அது ஒண்ணுதான். அதோட வழிய நானே வெட்டவா?"

திருவிழாவன்று முழுப்பழங்களை ஊர்க்காரர்களே அறுத்துக்கொண்டு போனார்கள். அணில் பாதி தின்ற பழம் ஒன்றைத் தனியாக விட்டிருந்தார்கள். அதை நான் அறுத்தேன். பால் வடிய வடியத் தலையில் வைத்துக்கொண்டு, கோயிலின் பெரிய வாசல் வழியாகவே நடந்தேன். வாசலை மறித்து உபதேசியார் நின்றிருந்தார். நான் நடையைக் குறைக்கவில்லை. ஒட்டினால் போகாத பலாப்பால் தன் வெள்ளை அங்கியில் பட்டுவிடும் என்று அவர்தான் விலகினார்.