இருபத்து நான்கு மூட்டை

1977 நவம்பர் 16, புதன்கிழமை, காலை ஏழு நாற்பது. மூடுபனி, எதிர்வீட்டுக் கதவின் நிறம்கூடத் தெரியவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்ற துறைமுக ஊரில், என் மகள் ஜெசிந்தா குடியிருக்கும் தெருவில் நடந்தபடி, வாசல்படிகளில் இருந்த பால் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பால்காரர் விடியுமுன் வைத்துவிட்டுப் போகிறார். காவலுக்கு ஆளில்லை, எடுப்பாருமில்லை. வந்து ஐந்து மாதமாகியும் இது எனக்குப் பழகவில்லை. பதினொரு வீட்டுக்குப் பத்தொன்பது புட்டி. பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் திறந்து என்ன விஷயம் என்று கேட்டார். "நைன்டீன்" என்றேன். எங்கள் புட்டி ஒன்று தொலைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, தம்முடையதில் ஒன்றை எடுத்து என் கையில் திணித்து, தோளையும் தட்டிக்கொடுத்தார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் கதவு சாத்தியாயிற்று. எனக்குச் சேராத பாலோடு உள்ளே வந்தபோது, தரையில் தூத்துக்குடி முத்திரை குத்திய கடிதம் கிடந்தது.

எழுதியிருந்தவள் பெரியதாழை லூர்தம்மாள். அவள் புருஷன் தோணியில் மூட்டை இறக்குகிறவன்; எனக்குத் தெரிந்தவன். "அண்ணாச்சி, ஒங்க மருமகன் போன மாதிரியே எங்க வீட்டு ஆளும் போயிட்டாக. அதே கம்பெனிதான். சிலிங் கயிறு அறுந்து மூட்டை மேல விழுந்துட்டு. இருபது மூட்டதான் தூக்குனோம்னு கம்பெனிக்காரன் சீட்டக் காட்டுதான். நீங்க போன வழியிலயே நாங்களும் கோர்ட்ல போட்டுட்டோம். ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கேன். ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், ஒரு வார்த்தை எழுதுங்க."

நீங்க போன வழியிலயே. அந்த வரியை நான்கு தரம் வாசித்தேன்.

எண்ணுவது எங்கள் குடும்பத் தொழில் என்றே சொல்லலாம். முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் கரையில் குவித்த சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிக்கும் ஆட்களில் என் அப்பாவும் ஒருவர். நான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில், சரக்கு இறக்கும் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சீட்டில் எழுதுவது வேலை. அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரையை அண்டாது; ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டுக் கிடக்கும். விடியற்காலையில் பாய் விரித்த தோணியில் போவோம். சோழகக் காற்று முகத்தில் உப்பைப் பூசும். திரும்பிப் பார்த்தால் ஊர் ஒரு வெள்ளைக் கோடு, அதன் நடுவில் மாதா கோவில் கோபுரம். சாயங்காலம் கரையேறி, பேக்கரியில் சூட்டோடு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி, வீட்டுக்குப் போகிற வழியிலேயே மூன்றைத் தின்றுவிடுவேன். இங்கும் துறைமுகம் இருக்கிறது. பனிக்குள்ளிருந்து கப்பலின் சங்கு கேட்கிறது. ஆனால் இந்தக் காற்றில் உப்பு இல்லை, அல்லது என் நாக்கு போய்விட்டது.

1972இல் ஒருநாள் கோதுமைக் கப்பல். நான் மேலே தளத்தில். கீழே தோணியில் என் மருமகன், ஜெசிந்தாவின் புருஷன் சூசை. அந்தத் தோணியை நடத்தும் தண்டல் அவன்தான். மூட்டைகளைக் கயிற்றுச் சிலிங்கில் கட்டி, விஞ்சு எந்திரம் தூக்கி, தோணியில் இறக்கும். ஒரு சிலிங்குக்கு இருபது மூட்டை என்பது விதி. அன்று இருபத்து நான்கு.

"மாமா, எண்ணுதீங்களா தூங்குதீங்களா? இருவத்துநாலு வருது. கயிறு முனங்குத சத்தம் இங்கன கேக்கு!" என்று கீழேயிருந்து சூசை கத்தினான்.

"ஏலே சூசை, கயித்துக்கு வலிச்சா அது சொல்லும். கப்பல் சாயங்காலம் போணும்லா" என்றான் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தைந்தாவது சிலிங் அறுந்தது.

அன்று மாலை சீட்டைக் கேட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. இருபத்து நான்கு மூட்டையாக இருபத்தைந்து சிலிங், மொத்தம் அறுநூறு. நான் எழுதியது, இருபது மூட்டையாக முப்பது சிலிங். மொத்தம் அறுநூறுதான். இதைச் சமன்போடுவது என்போம். துறைமுகத்தில் எல்லா கிளார்க்கும் செய்வது. மொத்தம் சரியாக இருந்தால் பொய் இல்லை என்பது எங்கள் நியாயம். மருமகனின் உடல் ஆஸ்பத்திரியில் கிடக்க, என் கை பழக்கத்தில் சமன்போட்டுக் கையெழுத்தும் போட்டது.

கம்பெனி ஆள் மூன்றாம் நாளே பணத்தோடு வந்தார். கையெழுத்துப் போட்டால் தருவதாகச் சொன்னார். எங்கள் வக்கீல் நல்ல மனுஷன். அவர் சொன்னதைக் கடற்கரைக் குடும்பங்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். வேலையில் செத்தவனுக்கான நஷ்டஈட்டை முதலாளி, அரசாங்கத்தின் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அது சட்டப்படி கொடுத்ததாகாது. கமிஷனரிடம் போனால் தப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் வேலை பார்த்தான், அந்த வேலையில் செத்தான், சம்பளம் இவ்வளவு என்று காட்டினால் போதும். அட்டவணைப்படி தொகை உண்டு. சிவில் கோர்ட்டுக்குப் போனால் அதிகம் கிடைக்கலாம், ஆனால் தப்பை நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு வருடக் கெடு. கோர்ட்டில் போட்டுவிட்டால் கமிஷனர் கதவு அடைபட்டுவிடும்.

"கமிஷனர்ட்ட போங்க அண்ணாச்சி, அது நிச்சயம்" என்றார் வக்கீல்.

"நான் கண்ணால எண்ணுனவன். நானே சாட்சி. கோர்ட்ல போடும்" என்றேன். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் என் சீட்டை என்னிடமே நீட்டினார். கையெழுத்து என்னுடையதா? ஆம். மொத்த மூட்டை சரியா? சரி. பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒருநாளாவது பொய்ச்சீட்டு எழுதியிருக்கீயளா அண்ணாச்சி?"

கோர்ட்டில் தெரிந்த முகங்கள் பன்னிரண்டு இருந்தன. "இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் சீட்டிலிருந்த இருபது உண்மையாகி, வழக்கு முடிந்தது. வெளியே வந்ததும் மகள் அழவில்லை. "வாங்கப்பா, வெயிலு ஏறுது" என்றாள். நர்ஸ் வேலைக்கு இங்கே விண்ணப்பம் போட்டது அந்த மாதம்தான். எனக்குக் கம்பெனி கருணைத் தொகை என்று மாதம் எழுபத்தைந்து ரூபாய் தந்தது. எதற்கான கருணை என்று நான் கேட்கவில்லை. நான் இங்கே வந்த பிறகு, ஊரில் பூட்டிக் கிடந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அதுதான் போய்க்கொண்டிருந்தது.

லூர்தம்மாளுக்கு ஒரு வார்த்தை போதாது. பத்து நாள் உட்கார்ந்து, சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலமாகவே எழுதினேன். இருபதாகக் காட்டும் அந்தக் கம்பெனிச் சீட்டுகள் எப்படி எழுதப்படுகின்றன, நான் எப்படி எழுதினேன், கோர்ட்டில் என்ன சொன்னேன், எல்லாம். ஜெசிந்தா இரவு டியூட்டி முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே நின்று வாசித்தாள்.

"தேதி தப்புப்பா" என்றாள். "அவுக செத்தது பதினேழு இல்ல, பதினெட்டு."

பேனாவை அவளே எடுத்துத் திருத்தினாள். பிறகு எனக்குத் தேநீர் போட்டாள்.

கையெழுத்துக்குச் சாட்சி போடும் நோட்டரி, ஹல்லில் ஒரு வயதான வெள்ளைக்காரர். ஆங்கிலப் பிரதியைப் படித்துவிட்டு, "ஐ ஆம் சோ சாரி, உங்களுக்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறார்கள்" என்றார். செய்தது நான் என்றேன். ஆங்கிலம் போதாமல் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, புன்னகையோடு முத்திரை குத்தினார்.

ஜனவரியில் அந்த வாக்குமூலம் லூர்தம்மாள் வழக்குக்காகத் தூத்துக்குடி கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதி கையில்; தேவையானால் நேரில் வரச் சொல்லலாம் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். சொன்னால் போவேன். அந்த மாதமே கருணைத் தொகை நின்றது. மார்ச்சில் வீட்டுக்கார அண்ணாச்சி வேறு குடும்பத்தைக் குடிவைத்துவிட்டார். பூட்டை உடைத்தாராம், கோபமில்லாமல். அதன் சாவி இங்கே கதவோரம் ஆணியில் தொங்குகிறது. காலையில் பால் எடுக்கப் போகும்போது அதையும் எண்ணிக்கொள்கிறேன்.

நோட்டரிக்கும் பதிவுத் தபாலுக்கும் நான்கு பவுண்டு அறுபது. நின்றுபோன கருணைத் தொகை, இந்த ஜூலையோடு ஏழு மாதம், ஐந்நூற்று இருபத்தைந்து ரூபாய்.