களப்பு நெபுலாவும் நைலோன் கயிறும்

“இஞ்சேருங்கோ... உங்கட சாமான் இரவிரவா முனகுது. எனக்கு நித்திரையே இல்லை.”

போன மாதம் ஒரு காலையில், தேநீர்க் கோப்பையை மேசையில் கொஞ்சம் அழுத்தியே வைத்துவிட்டு என் மனைவி றீற்றா சொன்னது இது. சாமான் என்பது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் என் தொலைநோக்கி.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பகலில் கந்தோர் வேலை – வாய்க்கால் அளப்பது. பொழுதுபட்டால் வங்காலை வீட்டு மொட்டைமாடியில் நெபுலா படம் எடுப்பது. நெபுலா என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கிற பென்னம்பெரிய வாயு மேகம். இந்த வருடம் நான் குறிவைத்திருந்தது தனுசு ராசிப் பக்கம் தெரிகிற களப்பு நெபுலா. கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற களப்புக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவனுக்கு அந்தப் பேரில் ஒரு ஆசை இருக்காதா?

“அது முனகல் இல்லை, றீற்றா. மெஷின் வேலை செய்யிற சத்தம்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

“நீங்கள் மெஷினை நிப்பாட்டிப்போட்டு வந்து படுத்த பிறகும் முனகுதே?”

 பதில் இல்லாவிட்டால் புருஷன்மார் என்ன செய்வோம்? பேப்பரை விரிப்போம். விரித்தேன்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் றீற்றாவின் தம்பி அனுப்பிவைத்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி. தொலைநோக்கிக்கும் கமராவுக்கும் நடுவில் அதைப் பூட்ட வேண்டும். அது பக்கத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நட்சத்திரம் இம்மியளவு அசைந்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடி அதற்கேற்பச் சரிந்து, படத்தை இருந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ஒரு செக்கனுக்கு எத்தனையோ தடவை! பெரிய வானாய்வு நிலையங்களில் ‘அடப்டிவ் ஒப்டிக்ஸ்’ என்று ஒரு வித்தை உண்டே, அதன் கடைக்குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எனக்கு எதற்கு? நான் எடுப்பது ‘நரோபான்ட்’ படம். ஐதரசன் வாயு விடுகிற ஒரேயொரு சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விட்டு, மற்ற எல்லாவற்றையும் தடுக்கும் பில்ரர் போட்டு எடுப்பது. மன்னார் மீன் சந்தையில் நூறு பேர் விலை கூறிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்காரி கூப்பிடுகிற குரல் மட்டும் நமக்குத் தனியாகக் கேட்கிறதல்லவா? அதுதான். தெருவிளக்கு என்ன, கோயில் வளவில் புதிதாகப் பூட்டிய வெள்ளை லைற் என்ன... ஒன்றும் படத்தைக் கெடுக்காது.

ஆனால் உள்ளே வருகிற ஒளி கொஞ்சம்தான். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கமராவைத் திறந்துவைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் எதுவும் ஆடக்கூடாது.

ஆடக்கூடாதாம். எங்கே? ஆடி மாதத்து வங்காலையில்!

எங்கள் ஊர்க் கச்சான் காற்றை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது வீசுகிற மாதங்களில் இங்கே எவரும் எதையும் கட்டாமல் விடுவதில்லை. கூரைத் தகரத்தைக் கட்டுவோம், தண்ணீர்த் தாங்கியைக் கட்டுவோம், குப்பைவாளியின் மூடியைக்கூடக் கட்டுவோம். நான் தொலைநோக்கியைக் கட்டினேன். மன்னாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் சிலாவத்துறை நண்பரிடம் நல்ல நைலோன் கயிறு வாங்கி, தொலைநோக்கியின் இரும்புத் தூணுக்கும் தாங்கியின் தூணுக்குமாக, என் பலம் முழுவதையும் போட்டு இழுத்துக் கட்டினேன். “இது சுறாவையே நிப்பாட்டும், சேர்” என்று சொல்லித்தான் தந்தார் அவர். பொய் சொல்லவில்லை.

அவசரம் வேறு இருந்தது. வருகிற தை மாதம், வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கீழ்வீட்டில் மகளும் மருமகனும். எங்கள் இருவருக்கும் மொட்டைமாடியில் ஒரு அறை. மடு மாதா கோயில் திருவிழா முடிந்ததும் மேசன்மார் வருகிறார்கள். அதாவது, ஏழு வருடமாக நான் வானம் பார்த்த இடத்தில் இனி எங்கள் கட்டில் நிற்கும். தொலைநோக்கியைக் கீழே முற்றத்தில் வைக்கலாம்தான். ஆனால் தெற்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரரின் மாமரம் தனுசு ராசியை முழுதாக விழுங்கிவிடுகிறது.

மகளுக்குக் கல்யாணம் என்பதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் அந்த மாடியிலிருந்து ஒரேயொரு கூர்மையான படம்... அது கிடைக்காமல் இடத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 

கிடைத்ததா? முதல் வாரம் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் எல்லாம் அரிசிமணி மாதிரி நீண்டு கிடந்தன. களப்பு கலங்கிப்போய்க் கிடந்தது. மெஷினின் வேகம் போதவில்லை என்று முடிவெடுத்துக் கூட்டினேன். இன்னும் மோசம். காற்று கூடிவிட்டது என்று கயிற்றை இன்னும் இறுக்கினேன். அதைவிட மோசம். கனடா மைத்துனருக்கு, “நீ அனுப்பின சாமான் பழுது” என்று ஒரு செய்தியும் தட்டிவிட்டேன்.

திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அன்று இரவு ஏழரை மணி இருக்கும். லப்டொப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, திரையில் அந்த வழிகாட்டி நட்சத்திரம் வீங்கித் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். றீற்றா படியேறி வந்தாள்.

“புட்டு ஆறுது. வாறீங்களோ இல்லையோ?”

எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. கடைசிப் படியில் கால் வைத்த நேரம் பார்த்துக் கச்சான் ஒரு தள்ளுத் தள்ளியது. அவள் எட்டி, கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். கிடைத்தது நைலோன் கயிறு.

திரையில் நட்சத்திரம் சுருங்கி ஒரு புள்ளியாக நின்றது.

நான் கண்ணைக் கசக்கினேன். அவள் கையை எடுத்தாள். நட்சத்திரம் வீங்கியது.

“றீற்றா, திரும்பப் பிடியும்.”

“எதை?”

“கயிற்றை. பிடிச்சபடி நில்லும்.”

பிடித்தாள். புள்ளி. விட்டாள். வீக்கம். மூன்று தரம் செய்து பார்த்தோம். பிறகு அவளே குனிந்து கயிற்றில் காதை வைத்துக் கேட்டாள்.

“இதுதான் முனகுது” என்றாள் மெதுவாக. “மெஷின் இல்லை.”

விளங்கிவிட்டதல்லவா? காற்று பட்டுப் பட்டு, விறைப்பாக நின்ற கயிறு வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்திருக்கிறது. அந்த அதிர்வு ஒரு பக்கம் தொலைநோக்கிக்குப் போயிருக்கிறது. மறுபக்கம் தாங்கித் தூண் வழியாகக் கீழே எங்கள் படுக்கையறைக்கு. செக்கனுக்குப் பத்துத் தடவை திருத்துகிற மெஷின், செக்கனுக்கு ஐம்பது தடவை ஆடுகிற கயிற்றை எப்படித் துரத்திப் பிடிக்கும்? வேகத்தைக் கூட்டக் கூட்ட அது தடுமாறியிருக்கிறது, பாவம். காற்றை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! காற்றை நேரே பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்ததே நான் கட்டிய கயிறுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு படம் எடுக்கத் தொடங்கினேன். “பத்து நிமிசம். கையை எடுக்காதையும்.”

“புட்டு?”

“ஆறட்டும்.”

நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையால் கயிற்றைப் பொத்திப் பிடித்தபடி முழுதாகப் பத்து நிமிடம் நின்றாள். முகத்தில் சிரிப்பும் எரிச்சலும் பாதிபாதி.

“ஐயான்ர வள்ளத்தை இப்பிடி இறுக்கிக் கட்டினா, ஒண்டில் கயிறு அறும், இல்லாட்டிக் கட்டை புடுங்குப்படும்” என்றாள். வங்காலைக் கடற்றொழிலாளியின் மகள் அவள். “கட்டினா கொஞ்சம் இளக்கம் விடவேணும். ஏன், பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு ரெலிபோன் கோல் எடுக்கிறியளே... அதுவும் இதுதான்.”

 மாடியில் விரிக்கப் பேப்பர் இல்லை.

பத்து நிமிடம் முடிந்தது. படம் திரைக்கு வந்தது. களப்பின் நடுவே ஓடுகிற அந்தக் கரிய வாய்க்கால், கத்தியால் கீறியதுபோல் தெரிந்தது. அதன் ஓரத்தில் சின்னச் சின்னத் தூசி முடிச்சுகள், உளுந்து சிந்தினதுபோல. ஏழு வருடத்தில் நான் அவற்றை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. உண்மையாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. றீற்றாவும் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“வடிவாத்தான் கிடக்கு” என்றாள். “இப்ப கையை எடுக்கலாமோ?”

மறுநாள் கயிற்றை இளக்கி, தூணோடு அது தொடும் இடத்தில் பழைய மோட்டர்சைக்கிள் ரியூப்பைச் சுற்றினேன். மெஷினின் வேகத்தை முன்பிருந்த அளவுக்கே குறைத்தேன். அதன் பிறகு அது சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. ஐதரசனுக்கு ஒரு நாள், ஒட்சிசனுக்கு ஒரு நாள், கந்தகத்துக்கு ஒரு நாள் என்று மூன்று பில்ரரிலும் எடுத்துச் சேர்த்தேன். கீழே றீற்றா மூன்று நாளும் நன்றாகத் தூங்கினாள். கனடாவுக்கு ஒரு மன்னிப்புச் செய்தியும் போனது. மகளுக்கு இப்போது ஒரு நாளைக்கு இரண்டு கோல்தான். போன ஞாயிறு, “அப்பா, என்ன சுகமில்லையோ?” என்று அவளாகவே எடுத்துக் கேட்டாள்.

இந்தத் திங்கட்கிழமை மேசன்மார் வந்துவிட்டார்கள். தொலைநோக்கி முற்றத்துக்கு இறங்கிவிட்டது. அங்கிருந்து வடக்கு வானம் தெரிகிறது. வடக்கிலும் நெபுலா உண்டு. படத்தைப் பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தேன். மேல் அறை முடிந்ததும் அங்கேதான் மாட்டப்போகிறோம். வானத்தைப் படம் எடுக்கும் எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல் படத்தின் கீழே சின்ன எழுத்தில் விபரம் போட்டிருந்தேன் – தொலைநோக்கி இன்னது, பில்ரர் இன்னது, அடப்டிவ் ஒப்டிக்ஸ் இன்னது என்று.

றீற்றா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தாள். 

“கயிறு பிடிச்ச ஆளின்ர பேரைக் காணேல்லை?”

கழற்றித் திரும்பக் கடைக்குக் கொண்டுபோனேன். இப்போது கடைசி வரி இப்படி இருக்கிறது: “அதிர்வுக் கட்டுப்பாடு – றீற்றாவின் வலது கை.”