நான் திருத்திய ஒரு பக்கம்

என் பழைய அகராதிக்குள் ஒரு கடதாசி முப்பது வருஷமாக இருந்தது. நான்காக மடித்த ஒற்றைக் கோட்டுக் கடதாசி. நீலப் பேனையால் என் கூட்டாளி எழுதியது, அதன் மேல் சிவப்புப் பேனையால் நான் எழுதியது. நீலத்தைவிடச் சிவப்புதான் அதிகம். அந்தச் சிவப்புப் பேனையை ஹட்டன் டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ஆசையாக வாங்கியிருந்தேன். ஆசிரியை ஆவதற்கு முன்பே எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது.

நாங்கள் இருவரும் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். எங்கள் காம்பராவுக்கும் அவளுடையதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே ரொட்டி தட்டினால் இங்கே கேட்கும். நான் மாமா வீட்டில் தங்கி டவுன் ஸ்கூலில் படித்தேன். அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில். எனக்கு இங்கிலிஷ் கொஞ்சம் கூடுதலாக வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஆனால் அப்போது அதை என் மூளை என்றே நினைத்துக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு இருவரும் விண்ணப்பம் போட்டோம். ஏன் ஆசிரியையாக விரும்புகிறோம் என்று கைப்பட ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இது தவறினால் எனக்கு வேறொன்று பார்த்துத்தர மாமா இருந்தார். அவளுக்கு இது இல்லையென்றால் தோட்டத்தில் பேர் பதிந்து கூடை தூக்க வேண்டியதுதான். "இவளாவது மலையேறாம இருக்கணும்" என்று அவள் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் சொல்வது எங்களுக்கும் கேட்கும்.

அவள் எழுதியது மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போன கதை. எங்கள் பக்கம் மழை விட்டு விட்டுப் பெய்யும் அல்லவா, அதை அவள் 'ரெயின் லீவிங் லீவிங் கம்ஸ்' என்று எழுதியிருந்தாள். விட்ட நேரத்தில் ஓட்டம், பெய்த நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கல். அங்கே நிற்கும் பெண்கள் அவள் கொப்பிகளை வாங்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் வைத்து நனையாமல் காப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கும் அதில் ஓரெழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. அவர்கள் பிள்ளைகளுக்காவது வாசிக்கச் சொல்லித்தர வேண்டும் என்று முடித்திருந்தாள். எல்லா வசனத்திலும் வினைச்சொல் கடைசியில் வந்து நின்றது. தமிழில் யோசிக்கிறவள் கையில் அது அங்கேதான் வந்து நிற்கும். சிங்களத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, பஸ் கொண்டக்டரோடு மல்லுக்கு நிற்பாள். சிங்களம் பெரும்பாலும் நாம் பேசுகிற ஒழுங்கிலேயே போகும். இங்கிலிஷ்தான் ஆளைத் தலைகீழாக நிறுத்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மத்தியானம் வரை திருத்தினேன். திருத்த வேண்டியது ஏழெட்டு இடம்தான் என்று இன்று தெரிகிறது. அன்று கை நிற்கவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்வதற்கு அகராதியைப் புரட்டி 'இன்டர்மிட்டன்ட்' என்று ஒரு சொல்லைப் பிடித்துப் போட்டேன். படங்குச் சாக்குக்கு எனக்கு இங்கிலிஷ் தெரியவில்லை. அதனால் அந்தப் பெண்களையே எடுத்துவிட்டேன்.

"ஏன் புள்ள, மடுவத்துக் கதய அடிச்சிட்ட?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இங்கிலிஷ்ல நல்லா வராதுடி" என்றேன்.

நம்பினாள். நான் சொன்னபடியே புதுத் தாளில் அழகாக எழுதி அனுப்பினாள். சிவப்பு ஏறிய பழைய தாள் என்னிடம் தங்கிவிட்டது.

நேர்முகப் பரீட்சைக்கு இருவரையும் கண்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். திரும்பி வரும் ரயிலில், நாவலப்பிட்டி தாண்டியபிறகு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த மழை சொல்லுக்கு என்ன அர்த்தம்னு ஒரு மேடம் கேட்டாங்க. எனக்கு மறந்து போச்சு. அப்ப இத யாரு எழுதினதுன்னு கேட்டாங்க."

என் பெயரைச் சொல்லியிருப்பாளோ என்பதுதான் எனக்கு வந்த முதல் பயம். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"நான்தான் எழுதினேன்னு சொன்னேன் புள்ள. அவங்க நம்பல."

எனக்கு இடம் கிடைத்தது. அவள் பேர் பதிந்தாள். பல வருஷம் கூடை தூக்கிவிட்டு, இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நாங்கள் பேச்சை விட்டதில்லை. அந்தத் தாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை. என் வகுப்பிலோ வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை மழையை 'லீவிங் லீவிங்' என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டும். சொல்லிக்கொடுப்பதைச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் எதையும் அடிக்குமுன், "என்னம்மா சொல்ல வந்த?" என்று கேட்டுவிடுவேன். அதற்கு மேல், அந்தத் தாளை அவளிடம் கொண்டுபோய்க் காட்ட, எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

போன மாதம் ஒருநாள் துணிந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். குழந்தைகள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தன. வெளியே மழை, விட்டு விட்டுத்தான். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, சிவப்பைத் தாண்டித் தாண்டி நீலத்தை மட்டும் வாசித்தாள். மடுவத்துப் பெண்கள் வரும் இடத்தில் விரல் நின்றது. "எங்கம்மாவும் இதுல நிக்கிறாங்க" என்றாள். அந்த அம்மா இறந்து பல வருஷம். அவர் இருந்ததுகூடத் தெரியாமல்தான் நான் கோடு இழுத்திருந்தேன்.

"இத அப்படியே அனுப்பியிருந்தா எடம் கெடச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் கொப்பி திருத்தியவளுக்கு அது தெரியும்.

"கெடச்சிருக்கும்டி" என்றேன். திட்டுவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, என்னிடம் திருப்பித் தராமல், தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.