தீப்பள்ளத்துக் காங்கிரீட்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாம்பரத்தில் கம்பி வளைத்துப் பிழைத்தவன். எண்பதுகளின் கடைசியில் நாற்பது ஆட்களோடு ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய், ராக்கெட் ஏவும் மேடைக்கு அடித்தளம் போட்டேன். இந்த வட்டாரத்தில் வேறு எந்த மேஸ்திரியாவது அப்படிச் சொல்லட்டும், பார்க்கிறேன்.

அது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு. முன்பு விறகுக் காடு. குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் ஏவுதளம் வந்தது. உள்ளே எதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. எரிமருந்துக் கட்டடங்களைச் சுற்றி மண்மேடு. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும். மேடை கடலோரத்தில், ராக்கெட் தவறினாலும் தண்ணீரில் விழட்டும் என்று. மேடைக்கு அடியில், நெருப்பு பாய்ந்து வெளியேற ஒரு பெரும் பள்ளம். அதன் தரைக்குக் காங்கிரீட் போடுவது என் பொறுப்பு. கொட்டுவது நடுவில் நின்றால் பழசும் புதுசும் சேராமல் ஒட்டு விழும், மொத்தத்தையும் உடைக்கணும், அப்புறம் நீ ஊருக்குப் போகலாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

கம்பி கட்டியது என் ஆட்கள். சட்டி தூக்கியது தெலுங்கு ஆட்கள். முந்தின நாளே குழாயடியில் இரண்டு கூட்டத்துக்கும் கைகலப்பு. காலையில் வேலை சூடு பிடித்ததும், பள்ளத்தின் விளிம்பில் நின்று கத்தினேன்: "கொட்டு! நிறுத்தாத, கொட்டு!"

எதிரே நின்ற தெலுங்கு ஆள் சட்டியைப் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்து, குனிந்திருந்த என் தங்கை புருஷன் முகத்தில் வீசினான். அவ்வளவுதான். கம்பி, கடப்பாரை, கருங்கல். என் இடது கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னாத்துக்குடா அட்ச்ச?" என்று அவன் கழுத்தைப் பிடித்தேன்.

"மீரே கொட்டு கொட்டு அன்னாரு கதா!" என்று அவர்கள் மேஸ்திரி அலறினான்.

நீங்கதானே கொட்டு கொட்டு என்றீர்கள் என்கிறான். அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் கொட்டு என்றால் அடி. அடிக்கச் சொல்லி என் ஆட்களை ஏவுகிறேன் என்று நினைத்து மண்வெட்டிக்காரன் முந்திக்கொண்டான்.

விளக்கம் சொல்ல நேரமில்லை, காங்கிரீட் இறுகிவிடும். தங்கை புருஷனை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விலகாத இரண்டு பேரைக் கம்பியாலேயே சாத்தினேன். ஒற்றைக் கையால் சட்டியைத் தோளில் ஏற்றி, வாயே திறக்காமல் பள்ளத்தில் கவிழ்த்தேன். அவர்கள் மேஸ்திரி பார்த்தான். தானும் ஒன்று தூக்கினான். மூக்கில் ரத்தத்தோடு மற்றவர்கள் வரிசைக்கு வந்தார்கள். சாயந்திரம் முடித்தோம். ஒட்டு விழவில்லை.

தங்கை புருஷனுக்கு ஒரு கண் போய்விட்டது. தாம்பரத்தில் தங்கை வாசலிலேயே மறித்தாள்.

"லாரில அனாதையாட்டம் அனுப்பிக்கீற. உனக்கு சிமெண்டுதான் பெர்சா பூட்ச்சா அண்ணா?"

"நான் கூட போயிருந்தா கண்ணு திரும்பி வந்துருமா? மேடைதான் போயிருக்கும்," என்றேன்.

சுடுசோற்றுக் குண்டானை என்மேல் எறிந்தாள். நெற்றித் தழும்பு அதுதான். ஏவுதளத்தில் பட்டது என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.