வளைவா, நேர் ரோடா

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். எங்கே புள்ளி வைப்பது, எங்கே ஒற்றுப் போடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பயப்பட்டது மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில், பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. என் மகள் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஸ்கூட்டி. அதை ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறுவாள். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவாள். வந்து ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் டொக்கென்று வைப்பாள். அந்தச் சத்தம் கேட்கும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

முன்பெல்லாம் மழைக்கும் இருட்டுக்கும்தான் பயந்தேன். வெயில் அடித்தால் கொஞ்சம் தைரியமாக இருப்பேன். அந்தத் தைரியத்தையும் என் மகளே கெடுத்தாள். அவள் கம்பெனிக்கு ஒரு போலீஸ்கார அம்மா வந்து, ரோட்டில் எப்படிப் போக வேண்டும் என்று பேசினார்களாம். எப்போது விபத்து அதிகம் என்று கேட்டார்களாம். மழையில், பனியில், ராத்திரியில் என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம்.

"அதெல்லாம் இல்லியாம்மா. கணக்கெடுத்துப் பாத்தா நல்ல வெயில்ல, நேரா கெடக்குற ரோட்டுலதான் ஜாஸ்தியாம். பயம் இருந்தா மெதுவா போவாங்க, ரோடு நல்லா இருந்தா முறுக்குவாங்கன்னு சொன்னாங்க" என்று மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்ப எந்த நேரந்தான்டி நல்ல நேரம்?"

"வூட்லயே குந்திக்கினு இருந்தா நல்ல நேரம். எனக்குப் பதிலா நீ வேலைக்குப் போறியா?" என்று சிரித்தாள்.

நான் சொல்ல வந்தது இந்த மாசியில், உளுந்து பிடுங்குகிற சமயத்தில் நடந்தது. பக்கத்து வீடு என் தம்பியுடையது. உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கி வந்து, காலையிலேயே தார் ரோட்டில் பரப்பிவிடுவான். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போகப் போக, காய் வெடித்து உளுந்து உதிரும். பிறகு கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறதுதான். நானும் பரப்பியிருக்கிறேன்.

ஆனால் அவன் பரப்பியது வாய்க்கால் மதகுக்குப் பக்கத்து வளைவில். மகள் திரும்பி வரும் இடம் அது. வாய் திறக்கக் கூச்சப்படுகிற நான் அன்றைக்குத் தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"இங்க வேணான்டா. வண்டி சறுக்கும்."

"நமக்கு பஸ்ஸுதான்க்கா மாடு. வைக்கோல் போட வேணாம், சாணி அள்ள வேணாம். வளைவுலதான் மாடு மெதுவா மிதிக்கும், உளுந்து மணி ஒடையாது" என்று அவன் சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மகள் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வானம் கறுத்தது. மாசியில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? பெரிய மழையும் இல்லை, தூறல்தான். ஓடிப் போய்ப் பார்த்தேன். நசுங்கிய தழையும் தோலும் ஈரத்தில் ஊறி, வெண்டைக்காய் அரிந்த அரிவாள்மனை போல ரோடு வழவழவென்று கிடந்தது. தம்பி படுதா எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். பைக்கில் வந்த ஒருவர் என் கண்ணெதிரிலேயே சறுக்கி, வண்டியோடு மதகுக் கட்டை வரைக்கும் தேய்ந்துகொண்டு போனார். எழுந்துவிட்டார், முழங்கையில் ரத்தம். என்னைப் பார்த்து ஏதோ திட்டினார். காதில் ஏறவில்லை. அவருக்குப் பின்னால் தூரத்தில் என் மகளின் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பஸ்.

அவள் விழுந்தால் பஸ் நிற்குமா? நின்றாலும் இந்தத் தழையில் நிற்குமா?

நான் ரோட்டின் நடுவே போய் நின்றேன். இரண்டு கையையும் தூக்கினேன். நில்லு என்று கத்தத்தான் நினைத்தேன், அந்த வார்த்தை வரவில்லை. "ஓ... ஓ... ஓ..." என்றுதான் வந்தது. களத்தில் மாடு கட்டிப் போரடிக்கும்போது மாட்டை நிறுத்தப் போடும் சத்தம்.

மகள் தழை மேல் ஏறுவதற்கு முன்னாலேயே காலை ஊன்றி நின்றுவிட்டாள். பஸ் ஆடிக்கொண்டே அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏ ஆயா! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

மகள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். "என்னம்மா, என்னைய மாடாக்கிட்டியே" என்றாள். சிரிக்கவில்லை.

தம்பி துடைப்பத்தோடு ஓடி வந்து முழுவதையும் ஓரத்துக்குத் தள்ளினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பளீரென்று வெயில். மகள் ஹெல்மெட்டை மாட்டும்போது தம்பி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒனக்காவ வளைவுல போடல. அந்தாண்ட நேர் ரோட்டுல போட்டுட்டேன். இனிமே பயப்படாத."

நல்ல வெயில். நேர் ரோடு. மேலே உளுந்துத் தழை வேறு. ஸ்கூட்டி சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலிலேயே நின்றேன்.

தம்பியிடம் மறுபடியும் போய்ச் சொல்லப்போகிறேன், ரோட்டிலேயே வேண்டாமென்று. நாலு பேர் நடுவில் பேச வேண்டும். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் போலீஸ்கார அம்மா சொன்னது நேர் ரோடுதானா, வெயில்தானா, நான்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டேனா தெரியவில்லை. மகளைக் கேட்டால் "விடும்மா" என்கிறாள். படித்தவர்கள் யாராவது அந்தக் கணக்கைப் பார்த்துச் சரிதானா என்று சொல்லுங்கள். உளுந்து பிடுங்கி முடிவதற்குள் சொன்னால் நல்லது.