முதலில் விழுபவர் ஹீலர்

வாள் பெரிதாக இருந்தால் ஆளும் பெரியவன் என்று நம்புகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. எங்கள் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் அந்த ரகம்தான். ஆன்லைனில் பல பேர் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு அது. அவரவர் ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டு, லெவல் ஏற ஏறக் கிடைக்கும் பாயின்டுகளைப் பலத்துக்கோ உயிருக்கோ வேகத்துக்கோ போட்டு வளர்க்க வேண்டும். எட்ட நின்று நெருப்பை வீசும் மந்திரவாதி, அம்பு விடுகிறவன், கைக்கெட்டும் தூரத்தில் நின்று மோதும் வீரன், பின்னால் நின்று மற்றவர்களின் காயத்தை ஆற்றும் ஹீலர் என்று பல வகை உண்டு. அரக்கர்களை அடித்து விளையாடலாம். இல்லாவிட்டால், நம்மைப் போலவே எங்கோ உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் ஆட்களோடு மோதலாம். இரண்டாவதில்தான் யார் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது தெரியவரும்.

நான் மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கிளார்க். நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் மறந்ததை நினைவுபடுத்துவதும் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் சொதப்பியதைச் சரிக்கட்டுவதும்தான் என் வேலை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவர்கள் கெட்டிக்காரர்கள், ஏதாவது பிசகினால் என்னைக் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க இப்படிப் பின்னால் நின்றுவிட்டு, சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தால் அங்கேயும் எவனோ வாங்கிய அடிக்கு நான் மருந்து போட வேண்டுமா? எனக்கு முன்னால் நிற்க ஆசை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

குழுத் தலைவர் ஒண்டிக்கடை என்ற இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணா என்பேன். அவர் என்னைக் கண்ணு என்பார். பிரியத்தில் சொல்வது இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போன்ற கண்ணு அது. அவருடைய வீரனின் வாள் அவனையே விட உயரம். ஊதா நிறத்தில் ஜொலிக்கும். யாரோ வெளிநாட்டான் போட்ட வீடியோவைப் பார்த்து, கிடைத்த பாயின்டையெல்லாம் பலத்தில் கொட்டியிருந்தார். பட்டால் எதிரி காலி என்று வாய்கிழியப் பேசுவார். பட்டால்தானே! எதிரி என்ன கும்பிட்டுக்கொண்டு நிற்கப்போகிறானா? மந்திரவாதி பின்னால் குதிப்பான், வில்லாளி ஓடிக்கொண்டே அடிப்பான், நம் தலைவர் வாளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் மூச்சிரைக்க ஓடி, போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மற்றவர்கள் அவரைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தவர்கள். அதில் ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் ஒரு வாளுக்குப் பதில் இரண்டு வாள் வைத்திருந்தார். அதுதான் அவருடைய சொந்த மூளை.

கைச்சண்டை வீரனை வளர்ப்பதில் முதல் கேள்வி எவ்வளவு பலமாக அடிப்பான் என்பதே இல்லை. எதிரியிடம் போய்ச் சேருவானா, சேர்ந்த பிறகு அவனை விடாமல் பிடித்து வைப்பானா என்பதுதான். அதுவரை உயிரோடு இருப்பானா என்பது அடுத்தது. அடி கடைசியில் வருகிறது. சின்னச் சுத்தி போதும், ஓட முடியாதவனை எதனால் அடித்தால் என்ன? நான் பாயின்டுகளில் பெரும்பகுதியை உயிருக்கும் கவசத்துக்கும் போட்டேன். தூரத்தில் இருப்பவனைச் சங்கிலி வீசி இழுக்கும் வித்தை ஒன்று, தரையை மிதித்துச் சுற்றி இருப்பவர்களின் காலைக் கட்டும் வித்தை ஒன்று, இரண்டையும் கடைசிப் படிவரை ஏற்றினேன். என் ஆள் ஒரு பெண். இடுப்பு சிறுத்து, இரும்பில் ரவிக்கை தைத்துப் போட்ட பொம்மை இல்லை. எங்கள் எஸ்டேட்டில் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறும் பெண்களின் தோளும் முழங்கையும் அவளுக்கு வைத்தேன். குழுவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளை அப்படி வளர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையில் நெட்டின் லட்சணம் அப்படி. நாம் பொத்தானை அழுத்துவதற்கும் அங்கே ஆள் கையைத் தூக்குவதற்கும் நடுவில் ஒரு தாமதம் விழும். லேக் என்பார்கள். கோடாரி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கேடயத்தைத் தூக்கினால் நம் கழுத்து ஏற்கெனவே போயிருக்கும். அதனால் மலையில் ஆடுகிற எல்லோரும் முன்கூட்டியே அழுத்தப் பழகியிருந்தார்கள். எதிரியின் தோள் அசைந்தாலே கேடயத்தைத் தூக்குவார்கள். ஓடுகிறவன் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அவன் போகப்போகும் இடத்தில் வெட்டுவார்கள். வருடக்கணக்கில் ஆடி விரல்களே அப்படி ஆகிவிட்டன, அது ஒரு பழக்கம் என்பதே யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. எஸ்டேட் ஆபீசில் ஜன்னல் விளிம்பில் போனை வைத்தால்தான் சிக்னல் வரும், மூடுபனி இறங்கினால் அதுவும் நொண்டும். தாமதம் ஒரே அளவாக இருந்தால் பழகிக்கொள்ளலாம். என்னுடையது நேரத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. அதனால் தடுக்கிற வித்தையையே தலைமுழுகிவிட்டு, அடி விழட்டும், தாங்குகிறேன் என்று அவளை வளர்த்தேன்.

குழுக்களுக்கு இடையே ஒரு போட்டி வைத்தார்கள், அதில் எப்படியோ கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரில் சமவெளிக்காரர்களின் குழு. அந்த வாரம் தலைவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஸ்டூலைத் தள்ளிப்போட்டார்.

"கண்ணு, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. உன்ற ஆளு நடக்கறதப் பாத்தா நொம்பப் பாவமா இருக்குது. நம்மகிட்ட ஹீலரே இல்ல. பொம்பளைங்களுக்கு அதுதான் பொருத்தம்."

"நான் முன்னாடிதானுங்கண்ணா நிப்பேன்."

"செரி, அப்பிடின்னா ஒரு பேச்சு. இந்தச் சண்டையில மொதல்ல விழுகறவங்க, அந்த ஆளை அழிச்சுப்போட்டு ஹீலராயிரோணும். சம்மதமா?"

"எனக்கு மட்டுமுங்களா, எல்லாத்துக்குமுங்களா?"

அவர் சிரித்தார். கடையில் உட்கார்ந்திருந்த ஜீப்காரரும் சிரித்தார். "எல்லாத்துக்குந்தான் வெச்சுக்க கண்ணு. நானெல்லாம் எங்க விழுகப்போறேன்?"

சரி என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை சாயங்காலங்கள், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்து வளர்த்தவள்! ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் இல்லாமல் போய்விடுவாள். அவள் போனால் நான் முன்னால் நிற்கிற இடம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. விளையாட்டுக்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் என் ஆபீசுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

பிறகு தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேலத்துக்கு இறங்கி, ஒரு கேமிங் சென்டரில் உட்கார்ந்து ஆடலாம். அங்கே நெட் பறக்கும், லேக் என்ற பேச்சே இருக்காது, நம் திறமை முழுசாக வெளியே வரும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லப்போனால் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் காபிப் பழம் பறிக்கிற சீசன், அன்றன்று பறித்த பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும், ஞாயிறு என்று ஆபீசைப் பூட்ட முடியாது. நான் வரவில்லை என்றதும் தலைவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். நான் காலைப் பூசை முடிந்து, சர்ச்சிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்து, ஜன்னலில் போனை வைத்தேன். வெளியே சவுக்குமரம்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி.

சண்டை ஒரு பாழடைந்த கோட்டையின் வாசலுக்காக. வாசலை முதலில் பிடித்த குழுவில் ஒருவராவது நேரம் முடியும்வரை விழாமல் அங்கே நின்றால் அந்தக் குழுவுக்கு வெற்றி. விழுந்தவர் மறுபடி எழ முடியாது. "கண்ணு, நீ வாசல்ல போயி நில்லு, நாங்க பின்னாடி வர்றோம்" என்று தலைவர் ஹெட்செட்டில் சொன்னார். அவர்களுக்கு அது தந்திரம். எல்லா அடியும் என்மேல் விழும், நான் முதலில் போவேன், ஹீலரும் கிடைத்த மாதிரி ஆகும்.

போய் நின்றேன். நெருப்பும் அம்புமாக வந்து விழுந்தன. உயிர்க்கோடு பாதிக்கு இறங்கியது, அதற்கும் கீழே இறங்கியது. அப்போது பின்னால் பத்திரமாக நின்றிருந்த தலைவருக்குப் பொறுக்கவில்லை. மொத்தக் கூட்டமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அவருடைய ஊதா வாளை யார் பார்ப்பது? பாய்ந்தார். எதிரியின் கோடாரிக்காரன் தோளை அசைத்தான், தலைவரின் கேடயம் மேலே போனது, கோடாரி வருவதற்கு முன்பே கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு கோடாரி சாவகாசமாக வந்தது.

"அமுத்துனனே! கரெக்டாத்தான அமுத்துனேன்!" என்று ஹெட்செட்டில் அலறினார். மறுபடி கேடயம், மறுபடி சீக்கிரம். பெரிய வாளை வீசினார், எதிரி வந்து சேராத இடத்தில் காற்றைப் பிளந்தது. பலத்தில் கொட்டிய ஆள், உயிரில் ஒன்றும் இல்லை. விழுந்தார்.

அடுத்து ஜீப்காரர், அதே சீக்கிரத்தில், இரண்டு வாளோடும். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கேடயத்தைத் தூக்கி, இறக்கி, வெட்டு வாங்கினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடக்கணக்காக நொண்டி நெட்டுக்குப் பழக்கிய விரல்களை எடுத்துக்கொண்டு போய், பறக்கும் நெட்டில் வைத்திருக்கிறார்கள்! சமவெளிக்காரனால் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. வாய்விட்டுச் சிரித்தேன். பல்பர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. என் பக்கம் நான் ஒருத்தி மட்டும் மிச்சம். தோற்றுவிட்டால் யார் முதலில் விழுந்தார் என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள், மெதுவாக நகரும் அந்த ஆமையால் தோற்றோம் என்று என் தலையில் கட்டுவார்கள், அவளையும் அழிக்கச் சொல்வார்கள். இவர்களை எனக்குத் தெரியாதா? மந்திரவாதியைச் சங்கிலி வீசி இழுத்தேன். பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காத்திருந்த பிறகு அவன் தடுமாறி வந்து என் காலடியில் நின்றான். தரையை மிதித்தேன். கிட்டே வந்த கோடாரிக்காரனின் காலும் சேர்ந்து கட்டிக்கொண்டது. சின்னச் சுத்தியால் மந்திரவாதியைத் தட்ட ஆரம்பித்தேன். வேகமும் இல்லை, அழகும் இல்லை, நேரம் பார்த்து அழுத்த வேண்டிய எதுவும் என்னிடம் இல்லை. மந்திரவாதி விழுந்தான். கோடாரிக்காரன் என்னை வெட்டினான், வெட்டினான், வெட்டிக்கொண்டே இருந்தான். உயிர்க்கோடு நூலாக மெலிந்தது. விழுந்துவிடாதே அம்மிணி என்று திரையைப் பார்த்து நிஜமாகவே கெஞ்சினேன். நேரம் முடிந்த மணி அடித்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

ஹெட்செட்டில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லேக்குனால தப்பிச்ச கண்ணு, அவனுக அடிச்சது உன்ற மேல செரியா விழுகல" என்றார். அதே லேக்கில் நான் நாள் தவறாமல் உதை வாங்கியபோது அவர் அதைக் கவனித்ததாக நினைவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் விளையாட்டின் பக்கமே போகவில்லை. எனக்குச் சேதி அனுப்பிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மதியம் ஜீப்காரரைக் கூட்டிக்கொண்டு தலைவரே எஸ்டேட்டுக்கு வந்தார். ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏனுங்க, அன்னைக்குச் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. நீங்க முன்னாடியே நில்லுங்க. உங்கள ஹீலராகச் சொல்லமாட்டமுங்க."

என் வயசுக்கு அன்றுதான் அவரிடமிருந்து மரியாதை கிடைத்தது. அதற்காக மனசு இளகிவிடுமா என்ன?

"நான் நிக்கறனுங்கண்ணா. மொதல்ல விழுந்தது நீங்கதானுங்களே. ஆளை எப்ப அழிக்கறீங்க?"

அவர் ஜீப்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் காபி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழித்துவிட்டார். அதுவும் என் எதிரிலேயே, தன் கடைக் கம்ப்யூட்டரில், ஊதா வாளைக் கடைசியாக ஒரு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இப்போது வெள்ளை அங்கி போட்ட ஒரு ஹீலராக என் பின்னால் நிற்கிறார். வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் விரல்கள் பழைய விரல்கள்தான். நான் அடி வாங்குவதற்கு முன்பே மருந்தை வீசிவிடுகிறார். மலை நெட்டில் அது தட்டுத் தடுமாறி வந்து, என் உயிர்க்கோடு நூலாகும் அதே நேரத்துக்குச் சரியாக வந்து சேருகிறது. வாள் பிடித்திருந்த காலம் முழுக்க அவர் அத்தனை சரியாக எதையும் செய்ததில்லை. இதை நான் அவரிடம் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை.