ஆச்சு என்று சொல்லாதவர்

படகுத்துறையில் கயிறு கட்டுபவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். தினமும் அலுவலகம் போகும் கூட்டம் வைத்தது. நாலு வருடத்துக்கு முன்னால் என்றால் நம்பியிருக்க மாட்டார்கள். அப்போது அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

கடைசி ஆள் ஏறியதும் "ஆச்சு!" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் படகை எடுப்பார். நேரம் மிச்சமாகட்டும் என்று, ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே இவர் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார். கெட்டிக்காரர் என்று பெயர் வேறு.

ஒரு நாள் காலை கைப்பேசி அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருந்தது. மனைவி கேட்டாள்: "சாப்பிட்டாச்சா?"

இரைச்சலில் கேட்கவேண்டுமே என்று கத்தினார்: "ஆச்சு!"

படகு கிளம்பிவிட்டது. கடைசியாக ஏறிக்கொண்டிருந்த, பழுப்புப் பை வைத்திருந்தவருக்கு ஒரு கால் படகில், ஒரு கால் துறையில்.

ஓடிவந்து தாவி, நடுவே விழுந்து இறந்தார் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். வேலை போய்விடுமே என்று இவர் வாயே திறக்கவில்லை. பாவி மனிதர், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்டவள் அவளாயிற்றே. இப்போது தொண்டை சரியில்லை என்று சொல்லி, நீளக் கழியில் பச்சைத் துணி கட்டி ஆட்டுகிறார். படகுக்கும் துறைக்கும் நடுவே தண்ணீர் அறையும் சத்தம் கேட்டால் போதும், இடம் தேடித் துழாவும் அந்த இன்னொரு கால் கண்முன் வந்து நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது படகு.

இறந்தவரின் மனைவி வேலைக்குப் போவதும் அதே துறை வழியாகத்தான். இத்தனை நாள் தலை குனிந்தே ஏறியவள், நேற்று அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்கதானே அன்னைக்கு இருந்தீங்க? அப்படி என்ன தலைபோற அவசரம் அவருக்கு? எதுக்கு ஓடி வந்தாரு?"

தெரியாது என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், போயிருப்பாள். அவர் கழியைக் கீழே வைத்தார்.

"ஓடி வரலம்மா. நிதானமா நடந்துதான் வந்தாரு. நான்தான் போன்ல பேசிக்கிட்டே ஆச்சுன்னு கத்திட்டேன். அதைக் கேட்டு படகை எடுத்துட்டாங்க. தப்பு என்னுது."

அடிப்பாள், கத்திக் கூட்டம் கூட்டுவாள் என்று நின்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"நாலு வருசமா அந்த மனுசனைத் திட்டாத நாளே இல்லையேண்ணே" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.